எட்டாம் நம்பரில் நின்ற காட்டுமாடு

டிசம்பர் 1, ஞாயிறு

ஆறாவதாக வந்துவிட்டேன். ஆறு பேர்தான் அணி. அடுத்த ஞாயிறு ஊட்டியில் நடக்கும் மாவட்ட நெடுந்தூர ஓட்டத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து போகிற ஆறு பெண்களில் கடைசிப் பெயர் என்னுடையது: லோகேஸ்வரி, பதினொன்றாம் வகுப்பு, ஆ பிரிவு. கடைசியாக இருந்தால் என்ன, பட்டியலில் இருக்கிறேன்.

தனசிங் சாரின் நோட்டில் இதையெல்லாம் எழுத முடியாது. அவர் எங்கள் பி.இ.டி. சார். ஓடுகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரு நோட்டுப் போட்டு, காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பு எத்தனை, எத்தனை கிலோமீட்டர் ஓடினோம், என்ன சாப்பிட்டோம் என்று எழுத வேண்டும். சனிக்கிழமை பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதில் ‘4 கி.மீ., 6-ஆம் இடம்’ என்று எழுதியாயிற்று. மிச்சம் இங்கே. இந்த நோட்டில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

தேர்வு ஓட்டம் காலை ஏழு மணிக்கு. மொத்தம் பதினோரு பேர். பள்ளி மைதானத்தில் கிளம்பி, ரோட்டில் ஏறி, தேயிலைத் தோட்டத்துக்குள் புகுந்து, எட்டாம் நம்பர் காட்டில் (தேயிலைப் பகுதி ஒவ்வொன்றையும் நம்பர் போட்டுக் காடு என்போம்) இருக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, ஃபேக்டரி ரோடு வழியாகத் திரும்பி வர வேண்டும். தொட்டிக்கு ஏறுகிற முக்கில் சார் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தார். பனி இறங்கிக் கிடந்தது. பத்தடி தள்ளி நிற்பது மாமனா மச்சானா என்று தெரியாது.

அந்த முக்கில்தான் காட்டுமாடு நின்றது. ஒற்றை. பெரிய கறுப்பு. எங்கள் மலையில் ஓடுகிறவர்களுக்கு சார் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: காட்டுமாட்டைப் பார்த்தால் கத்தாதே, கிட்டப் போகாதே, கிடைக்கிற குறுக்கு வழியில் இறங்கிவிடு, வந்து சொல், உன் ஓட்டம் செல்லும். “மிருகம் வந்து நின்னா பிள்ளை என்ன பண்ணும்” என்பார். அதன்படி, இலை பறிக்கிறவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். அது தொட்டிக்குப் போகாது. நேராக ஃபேக்டரி ரோட்டில் கொண்டுபோய் விடும். சட்டப்படிதான் செய்தேன். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சாரிடம் சொன்னேன்.

“எத்தனை?” என்றார்.

“ஒத்தை, சார்.”

சாருக்கு முகம் மாறிவிட்டது. கூட்டமாக நிற்கிற காட்டுமாடு தன் வேலையைப் பார்க்கும். ஒற்றைதான் ஆளைத் தூக்கும். “நல்லவேளை, புத்தியா இறங்குன” என்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மூச்சே வாங்கலையே உனக்கு! நல்ல முன்னேற்றம்.”

பெனிட்டா எனக்குப் பின்னால் ஏழாவதாக வந்தாள். அப்படியென்றால் ரிசர்வ். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள். மாவட்டத்தில் ஓடிய பிள்ளைகளுக்குத்தான் சார் கோயம்புத்தூர் கல்லூரியில் விளையாட்டு இடத்துக்குப் பெயர் எழுதிக் கொடுப்பார். இரண்டு பேருமே அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தோம். பாவம்தான். ஆனால் ஓட்டம் என்றால் ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால்.

திருப்பூரில் இருக்கிற அப்பாவுக்கு அம்மா போன் போட்டாள். பனியன் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அப்பா டீ வாங்கிக் கொடுத்தாராம்.

டிசம்பர் 2, திங்கள்

நாடி 78. வழக்கமாக 62 இருக்கும். சாரின் நோட்டில் 64 என்று எழுதினேன்.

அம்மா என் டிராக் பேண்டைத் துவைத்துக்கொண்டே கேட்டாள்: “ஏன்டி, ஓடப் போனியா, முட்டி போட்டு ஜெபம் பண்ணப் போனியா? ரெண்டு முட்டியிலயும் மண்ணு அப்பிக் கிடக்கு.” வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன்.

காலை அசெம்பிளியில் ஹெச்.எம். மேடம் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். ஆபத்து நேரத்தில் பதறாமல் நடந்துகொண்ட மாணவி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்தான் ரொம்ப நேரம் தட்டினார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது பெனிட்டா கேட்டாள். “நான் உனக்கு முன்னாடிதானடி ஓடிட்டிருந்தேன்? நாப்பது அடி இருக்குமா? அப்ப அந்த மாடு பக்கத்துலயே நான் போயிருக்கேனா?”

“போயிருப்ப.”

“எவ்ளோ பக்கத்துல?”

எங்கள் பெஞ்சிலிருந்து கரும்பலகை வரைக்கும் கையைக் காட்டினேன். ஏதாவது சொல்ல வேண்டுமே. அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். முட்டையை என் பக்கம் தள்ளினாள். நான் சாப்பிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

எட்டாம் நம்பரில் இலை பறிப்பை நிறுத்திவிட்டார்கள். சார் ஃபாரஸ்ட் ஆபீசில் சொல்ல, அவர்கள் தோட்டத்தில் சொல்ல, காலையில் மேஸ்திரி, அங்கே இலை பறிக்கிற என் அம்மாவையும் மற்றவர்களையும் பதினாலாம் நம்பருக்கு அனுப்பிவிட்டார். பதினாலு என்றால் செங்குத்து. கூடையோடு ஏறி இறங்க வேண்டும். அம்மாவுக்கு ஏற்கெனவே முட்டி வலி. சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்து, தைலத்தைத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். “வலிச்சாலும் பரவால்ல பாப்பா. போன வருசம் அந்த மேட்டுக் கடைக்காரரைத் தூக்கிப் போட்டுச்சுல்ல. உன் கண்ணுல பட்டது எங்க நல்ல நேரம்” என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தேன்.

காட்டுமாடு நாளுக்கு நாள் வளர்கிறது. பள்ளி வாட்ச்மேன் தாத்தா நேற்று சாயங்காலம் அதைத் தண்ணீர்த் தொட்டியில் பார்த்தாராம். லேப் அட்டெண்டர் அண்ணன் அதற்கு ஒரு கொம்பு முறிந்திருக்கிறது என்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அதன் மூச்சுச் சத்தத்தைச் செய்து காட்டுகிறான். “எந்தக் கொம்புக்கா? இடதா, வலதா?” என்று என்னிடமே கேட்டான். கவனிக்கவில்லை என்றேன். அது ஒன்றுதான் இன்றைக்கு நான் சொன்னதில் உண்மை.

பயிற்சி பள்ளி மைதானத்தில்தான். செக்குமாடு மாதிரி இருபது சுற்று. பெனிட்டா எட்டாவது சுற்றோடு நின்றுவிட்டாள். வயிறு சரியில்லை என்றாள்.

டிசம்பர் 4, புதன்

பனியில் அது பாறையாகக்கூட இருந்திருக்கலாம். நாடி 84.

டிசம்பர் 5, வியாழன்

இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

நாலு மணிக்கு ஃபாரஸ்ட் வாட்சர் பெள்ளி அண்ணன் மைதானத்துக்கு வந்தார். இரண்டு நாளாக எட்டாம் நம்பரைச் சல்லடை போட்டுச் சலித்திருக்கிறார். எங்கள் எல்லோர் முன்னாலும் சாரிடம் சொன்னார்: “குளம்படி இல்ல சார். சாணி இல்ல. ஒரு செடி முறியல. அத்தாம் பெரிய மிருகம் நின்ன எடத்துல ஒரு இலையாவது கசங்கணும்ல? இந்தப் பாப்பா பாத்தது காட்டுமாடா, காத்தா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஷூ கயிற்றைக் கட்டினேன். அது கட்டித்தான் இருந்தது.

சார் என்னை விட்டுக் கொடுக்கவில்லை. “பனில யாருக்கும் தப்பாத் தெரியும்ணே. இல்லாத வரைக்கும் சந்தோசம்” என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பிள்ளைகளுக்குப் பயம் தெளிய வேண்டும் என்று, எங்களை அந்த வழியிலேயே ஓடச் சொன்னார். பெள்ளி அண்ணன் முன்னால் போனார். ஐந்து பேர் அவர் பின்னால் போனார்கள். நானும் பெனிட்டாவும் கடைசி.

சிவப்புத் துணி இன்னும் அதே இடத்தில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்த முக்கு வந்ததும் பெனிட்டா நின்றாள். பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரிடி. அண்ணன்தான் ஒண்ணும் இல்லன்னு சொன்னாருல்ல.”

“அவரு இப்ப இல்லன்னு சொல்றாரு. அன்னிக்கு இருந்துச்சுல்ல?” என்றாள். “நான் அது பக்கத்துல ஓடியிருக்கேன் லோகி. கரும்பலகை தூரம். எனக்குத் தெரியவே இல்ல. கண்ண மூடுனா அதுதான் வருது. நாலு நாளாச்சு, சோறு எறங்கல. நான் சார்கிட்ட சொல்லிடறேன். ரிசர்வும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு இனிமே ஓட வராது.”

பெனிட்டா இப்படிப் பேசுகிறவள் இல்லை. பொய் சொன்னால் அவளுக்கு ஒரு இடம் போகும், அவ்வளவுதான் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவளுடைய கால் போகும் என்று கணக்கில் வரவில்லை.

“அன்னிக்கும் ஒண்ணும் இல்ல பெனி” என்றேன்.

“என்ன இல்ல?”

“மாடு. மாடே இல்ல. பாறையும் இல்ல. நான் பொய் சொன்னேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா. எங்கம்மா மேல சத்தியமா.”

அவளுக்கு அழுகை வந்தது. பிறகு சிரித்தாள். மார்பில் கையை வைத்துக்கொண்டு, “அய்யோ, அப்ப ஒண்ணுமே இல்லயா? ஒண்ணுமே இல்லயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன். அது என் புத்திகெட்டதனம்.

சட்டென்று அவள் சிரிப்பு நின்றது. “அப்ப நீ ஏன் குறுக்கால போன?”

கேள்விக்கு அவளே விடை கண்டுபிடிக்கிறதை முகத்தில் பார்த்தேன். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை என் மேல் எறிந்தாள். தோளில் பட்டது. எழுந்தாள். தொட்டியை நோக்கி அந்த மேட்டில் ஓட ஆரம்பித்தாள். அப்படி அவள் ஓடி நான் பார்த்ததில்லை. பின்னாலேயே ஓடினேன். பிடிக்க முடியவில்லை.

யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று தொடங்கின இந்த நோட்டிலேயே நாலு நாளாகப் பொய்தான் எழுதியிருக்கிறேன். நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை நான் ஏழாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். பெனிட்டாவின் முதுகு பனிக்குள் போய்விட்டது. இனி அவளைப் பிடிக்க மாட்டேன் என்று தெரிந்துவிட்டது. சிவப்புத் துணியைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பக்கத்தில் ஒற்றையடிப் பாதை. கால் அதில் இறங்கிவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. கால் தானாக எங்கேயும் இறங்காது. நான்தான் இறங்கினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. குறுக்கு வழி ரொம்பக் குறுக்கு. எல்லோருக்கும் முன்னாலேயே ஃபேக்டரி ரோட்டுக்கு வந்துவிட்டேன். முதலாவதாக வந்தால் யார் நம்புவார்கள்? தேயிலைச் செடிக்குப் பின்னால் முட்டி போட்டு ஒளிந்துகொண்டு, போகிறவர்களை எண்ணினேன். ஐந்தாவதாகக் கோமதி போனதும் எழுந்து வெளியே வந்தேன். பெனிட்டா வருவதற்குள். மூச்சு வாங்காததற்கு அதுதான் காரணம். காட்டுமாடு பிறகுதான் வந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் சாரைப் பார்த்தபோது, பெனிட்டாவைத் தாண்டாமல் எப்படி முன்னால் வந்தாய் என்று கேட்பார்களே என்ற பயத்தில், வாயில் வந்தது.

டிசம்பர் 6, வெள்ளி

முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே சாரின் அறைக்குப் போனேன். பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். செடிக்குப் பின்னால் ஒளிந்தது வரைக்கும் சொன்னேன். பம்பை நிறுத்தவே இல்லை. ஒரு பந்து கல்லாக இறுகுகிற வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தார்.

“பெனிட்டாகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் சார்.”

“உங்கம்மாகிட்ட?”

“இன்னும் இல்ல சார்.”

“பதினஞ்சு வருசமா அந்தச் சட்டம் இருக்கு லோகேஸ்வரி. ஒரு பிள்ளை அதுல பொய் சொன்னதில்ல. நாளைக்கு ஒரு ஆறாங்கிளாஸ் பிள்ளை ஓடி வந்து காட்டுமாடுன்னு சொன்னா, நான் எத்தனைன்னு கேப்பேனா, நெசமான்னு கேப்பேனா? அந்த ஒரு நிமிசத்துல என்ன வேணா ஆகலாம். அதை யோசிச்சியா?”

யோசிக்கவில்லை. அதையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். மூக்கு ஒழுகிவிட்டது.

அவர் மேஜை டிராயரிலிருந்து பட்டியலை எடுத்து என் பெயரை அடித்தார். பெனிட்டா பெயரை எழுதினார். ரிசர்வ் என்ற இடத்தில் எட்டாவதாக வந்த பிள்ளையின் பெயர். “திங்கக்கிழமை அசெம்பிளில நீயே ஏறிச் சொல்லணும். மேடத்துகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். சரி என்றேன். போகலாமா என்று கேட்டேன்.

“நில்லு. ஞாயித்துக்கிழமை நீயும் வர்ற. வழியில நிக்க ஒவ்வொரு ஸ்கூலும் ஒரு ஆள் தரணும். தூரத்துல திரும்புற கம்பத்துகிட்ட நீ நிக்கிற. வர்ற பிள்ளைங்க நம்பரை ஒண்ணு விடாம எழுதுற.”

என்னை நம்பியா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

பெனிட்டா இன்று என் பெஞ்சில் உட்காரவில்லை. கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். மத்தியானம் திரும்பிப் பார்த்தேன். டிபன் பாக்ஸை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முட்டையும். எனக்கும் அப்போதுதான் பசித்தது.

டிசம்பர் 7, சனி

அம்மாவிடம் காலையில் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு அகப்பையைத் தூக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

“அடிப்பாவி! நாலு நாளா என் முட்டிய நொறுக்கிட்டியேடி! பதினாலாம் நம்பர்ல பன்னெண்டு பொம்பளைங்க உன் பேரச் சொல்லிச் சாமி கும்புட்டுட்டு ஏறுனோம், தெரியுமா? காப்பாத்துன மகராசின்னு!”

திட்டு ஒன்பது மணி வரைக்கும் போனது. சோறு போட்டுக்கொண்டே திட்டினாள், தலை பின்னிவிட்டுக்கொண்டே திட்டினாள். மேஸ்திரி வீட்டுக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் அங்கேயும் சொல்ல வைத்தாள். மேஸ்திரி சிரித்துவிட்டார். எட்டாம் நம்பரைத் திங்கட்கிழமை திறந்துவிடலாம் என்றார். திரும்பும்போதுதான் அம்மா கேட்டாள்: “அந்தப் பிள்ளை இப்பச் சாப்புடுதா?”

“சாப்புடுதும்மா. நேத்து பாத்தேன்.”

“ம். உங்கப்பாவுக்கு நீயே போன் போடு. டீ குடிச்சவங்களுக்கு எல்லாம் அந்த மனுசன் என்னத்தைச் சொல்லுவாரோ.”

போன் போட்டேன். அப்பா, “மடியில கனம் எறங்கிருச்சுல்ல? விடு, அடுத்த வருசம் ஓடிக்கலாம்” என்றார். டீ விஷயம் பேசவில்லை.

சார் நோட்டில் கையெழுத்துப் போட்டார். நாலு நாள் நாடியையும் சிவப்பு மையில் அடித்து, சரியானதை எழுதியிருந்தேன். பார்த்தார், பக்கத்தைத் திருப்பினார். இன்றைக்கு 63.

டிசம்பர் 8, ஞாயிறு

ஊட்டியில் பல் கிட்டிக்கிற குளிர். போகும் பஸ்ஸில் பெனிட்டா கோமதி பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனாள். நான் ஸ்வெட்டர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சார் பக்கத்தில் இருந்தேன்.

திரும்புகிற கம்பம் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில். நானும், குன்னூரிலிருந்து வந்த ஒரு அக்காவும் மட்டும். அவர் நம்பரைச் சத்தமாகச் சொல்ல, நான் எழுத வேண்டும். மொத்தம் எழுபத்தொரு பேர். முதல் பத்து பேர் சீராக வந்தார்கள். பிறகு கும்பலாக வந்தார்கள். பேனா உறைந்துபோய் இரண்டு தடவை எழுதவில்லை. வாயால் ஊதிச் சூடாக்கி எழுதினேன். பத்தொன்பதாவது ஆளாக 38 வந்தது. பெனிட்டா. வாய் பிளந்து, கண் நேராக, கம்பத்தைக் கையால் தொடுகிற மாதிரி ஒட்டித் திரும்பினாள். ஓடுகிறவர்களோடு பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். 38 என்று எழுதினேன். கத்த வேண்டும்போல இருந்தது, கத்தவில்லை.

கடைசி ஆள் வருகிற வரைக்கும் நின்றோம். எழுபத்தொன்றாவதாக ஒரு சின்னப் பிள்ளை அழுதுகொண்டே நடந்து வந்தது. அதுவும் சுற்றித்தான் போனது. அக்கா எண்ணிப் பார்த்தார். ஒன்றும் விடவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

மைதானத்துக்குத் திரும்பி வந்தபோது எங்கள் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பள்ளியில் முதலில் வருகிற நாலு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள், குறைவாக இருக்கிற பள்ளிக்குப் பரிசு. எங்கள் பள்ளிக்கு மூன்றாம் இடம். நாலாவது ஆள் பெனிட்டா, பதினாறாவதாக முடித்திருக்கிறாள். ஏழாவதாக ஓடுகிற நான் ஓடியிருந்தால் அது கிடைத்திருக்காது. இதை எழுதும்போது வலிக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம்தான் வலிக்கிறது. சார் மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டு எங்களுக்கு வர்க்கி வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் பெனிட்டா என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மெடல் கழுத்தில் இருந்தது. வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு.

“உன் லிஸ்ட்ல நான் எத்தனாவது?”

“பத்தொம்பது.”

“முடிச்சது பதினாறு. அப்ப மூணு பேரைத் தாண்டியிருக்கேன்” என்றாள். “மூணு பேரும் நான் தாண்டுறதைப் பாத்தாங்க.”

“ஆமா பெனி. சாரி” என்றேன். இந்த நாலு நாளில் அந்த வார்த்தையை அவளிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது. அவள் விழாமல் இருக்க என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வளைவு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து வர்க்கியை எடுத்து, சரிபாதியாக உடைக்கப் பார்த்தாள். அது நொறுங்கியது. பெரிய துண்டை அவள் வைத்துக்கொண்டு சின்னதை என்னிடம் நீட்டினாள். அவசரமாக வாயில் போட்டேன். தொண்டையில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் கேட்டேன்.

“எரும! உன் பாட்டில் எங்கடி? என்னிக்காவது ஒரு நாள் கொண்டு வந்திருக்கியா?” என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டே தன் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். அப்பாடா.